மூக்கை மாற்றும் முன்... மார்க்கமும் மருத்துவமும்





இந்த வார ஜும்ஆவில் நாம் பேசப்போகும் தலைப்பு மிம்பரில் அடிக்கடி கேட்காத தலைப்பு. ஆனால் வீடுகளில் அடிக்கடி பேசப்படுகிற விஷயம். "ஹஜ்ரத், மூக்கு ஆபரேஷன் செய்யலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோர்களும் கேட்கிறார்கள். இந்த ஆபரேஷனுக்கு மருத்துவத்தில் ரைனோபிளாஸ்டி என்று பெயர்.

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்வது ஆபத்தானது. "ஹராம்" என்று மட்டும் சொன்னால், எலும்பு வளைந்து மூச்சு விட முடியாமல் தவிக்கிற பிள்ளையையும் திருப்பி அனுப்பியவர்களாகி விடுவோம். "தப்பில்லை" என்று மட்டும் சொன்னால், அல்லாஹ் அழகாகப் படைத்த முகத்தை சினிமா நடிகையைப் பார்த்து வெட்டிக்கொள்கிறவருக்கும் அனுமதி கொடுத்தவர்களாகி விடுவோம். ஆகவே பதிலுக்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எதற்காகச் செய்கிறீர்கள்? யார் சொல்லிச் செய்கிறீர்கள்? யாரிடம் செய்கிறீர்கள்? இந்த மூன்றையும் இன்ஷா அல்லாஹ் இன்று பார்ப்போம்.

மார்க்கத்தில் மூக்கின் மதிப்பு

மூக்கை நாம் முகத்தின் அழகோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். ஷரீஅத் அதை வணக்கத்தோடு சேர்த்துப் பேசுகிறது.

ஏழு உறுப்புகள் தரையில் படும்படி ஸஜ்தா செய்யுமாறு தமக்குக் கட்டளையிடப்பட்டிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அந்த ஏழில் முதலாவதாக நெற்றியைச் சொன்னபோது, தம் கையால் மூக்கையும் சுட்டிக் காட்டினார்கள் (புகாரி: 812). நெற்றியோடு மூக்கும் மண்ணில் படுகிறது. மனிதன் மானத்துக்கு அடையாளமாகச் சொல்கிற உறுப்பு அது. நம் ஊரில் ஒருவர் அவமானப்பட்டால் மூக்கறுபட்டான் என்று சொல்கிறோம். அதே மூக்கை ஒரு முஃமின் தானாகவே தரையில் வைத்து, ரப்பே, உன் முன்னால் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை என்று காட்டுகிறான்.

உளூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்திச் சிந்துகிறோம். தும்மினால் அல்லாஹ்வைப் புகழ்கிறோம். பழிக்குப்பழி சட்டத்தைச் சொல்லும் வசனத்தில் உயிர், கண் ஆகியவற்றோடு மூக்கையும் அல்லாஹ் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான் (அல்குர்ஆன் 5:45). ஒருவருடைய மூக்கு முழுவதும் வெட்டப்பட்டுவிட்டால், ஒரு உயிருக்குக் கொடுக்க வேண்டிய முழு நஷ்டஈடு, அதாவது 100 ஒட்டகங்கள் கொடுக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களுக்கு எழுதிக் கொடுத்த சட்டங்களில் ஒன்று (நஸாயீ). ஒரு மூக்கு, ஒரு உயிரின் விலை!

இவ்வளவு மதிப்புள்ள உறுப்பில் கத்தி வைக்கும் முன் யோசிக்க வேண்டாமா?

தங்க மூக்கு வைத்த தோழர்

மூக்கைச் சரிசெய்வது முழுக்கத் தடை என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் வரலாறு பதில் சொல்கிறது.

இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமைக் காலத்தில் குலாப் என்ற இடத்தில் நடந்த சண்டையில் அவர்களுடைய மூக்கு துண்டிக்கப்பட்டது. வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்துக்கொண்டார்கள். நாளடைவில் அந்த இடத்தில் துர்நாற்றம் வந்துவிட்டது. நபி (ஸல்) அவர்களிடம் விஷயம் வந்தபோது, தங்கத்தால் மூக்குச் செய்து வைத்துக்கொள்ளும்படி அவர்களே கட்டளையிட்டார்கள் (அபூதாவூத்: 4232, திர்மிதி: 1770).

இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஆண்களுக்குத் தங்கம் ஹராம். ஆனாலும் இழந்த உறுப்பைச் சரிசெய்ய வேண்டிய நிலையில் அந்தத் தடையே தளர்த்தப்பட்டது. சிகிச்சைக்கு மார்க்கம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு, உங்களுக்கு விதிக்கப்பட்டது அவ்வளவுதான், மூக்கு இல்லாமலே பொறுமையாக இருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. முகம் சிதைந்த ஒரு மனிதர் மக்கள் முன்னால் படும் சங்கடத்தை அவர்கள் கண்டுகொள்ளாமல் விடவில்லை.

மூன்று, முதலில் செய்த ஏற்பாடு பலன் தராதபோது, உடம்புக்கு ஒத்துப்போகிற வேறொன்றுக்கு மாறச் சொன்னார்கள். மருத்துவத்தில் தரம் பார்ப்பது சுன்னத்துக்கு மாறானதல்ல.

நோய்க்கு மருந்து செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள் (அபூதாவூத்: 3855). நம் முன்னோர் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். ஸ்பெயினின் குர்துபா பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, அத்தஸ்ரீஃப் என்ற தம் பெரும் நூலில் உடைந்த மூக்கெலும்பைச் சரிசெய்வது பற்றியும் எழுதி வைத்தார்.

தடை எங்கே ஆரம்பிக்கிறது?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சபதம் செய்ததைக் குர்ஆன் நமக்குச் சொல்லிக் காட்டுகிறது (அல்குர்ஆன் 4:119).

பச்சை குத்துகிற பெண்கள், குத்திக்கொள்கிற பெண்கள், முகத்தின் முடிகளைப் பிடுங்கச் சொல்கிற பெண்கள், அழகுக்காகப் பல் வரிசையில் இடைவெளி உண்டாக்கிக்கொள்கிற பெண்கள் ஆகியோரை அல்லாஹ் சபிப்பதாக அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் சபித்தவர்களை நான் ஏன் சபிக்கக்கூடாது என்றும் கேட்டார்கள் (புகாரி: 4886, 5931).

இந்த ஹதீஸில் அழகுக்காக என்ற ஒரு சொல் வருகிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் ஷரீஃபின் விரிவுரையில், அழகைத் தேடிச் செய்வதுதான் தடை என்றும், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறையை நீக்கவோ செய்தால் குற்றமில்லை என்றும் விளக்குகிறார்கள். பல்லுக்குச் சொன்ன அந்த அளவுகோல்தான் மூக்குக்கும் பொருந்துகிறது. குறையை நீக்குவது வேறு, குறையே இல்லாத இடத்தில் அழகைக் கூட்டுவது வேறு.

அப்படியானால் அழகாக இருப்பதே தவறா என்று கேட்கலாம். நிச்சயமாக இல்லை. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது (முஸ்லிம்: 91). நல்ல ஆடை உடுத்துங்கள். தலை வாருங்கள், சுர்மா இடுங்கள், அத்தர் பூசுங்கள். இவையெல்லாம் படைப்பை அலங்கரிப்பது. எலும்பைச் செதுக்குவது படைப்பையே மாற்றுவது.

2007-ல் உலமாக்கள் எடுத்த முடிவு

இது நம் காலத்துப் பிரச்சினை என்பதால் உலகளாவிய உலமாக்களும் மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் 18-வது அமர்வு 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜயாவில் நடந்தது. அங்கே அழகு அறுவை சிகிச்சை பற்றி 173-ம் எண் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. மூக்கைப் பற்றி அதில் இரண்டு இடங்களில் பேசப்பட்டிருக்கிறது. ஒரு இடத்தில் அனுமதி, இன்னொரு இடத்தில் தடை.

அனுமதிக்கப்பட்டவை:

1. இயல்பான வடிவத்தை இழந்த உறுப்பை, மனிதன் படைக்கப்பட்ட இயல்பான தோற்றத்துக்குத் திருப்புவது.
2. உறுப்பின் வேலையை மீட்பது. மூக்கின் வேலை மூச்சு விடுவது.
3. பிறவிக் குறைகளைச் சரிசெய்வது. பிளவுபட்ட உதடு, கடுமையாக வளைந்த மூக்கு போன்றவை உடலளவிலோ மனதளவிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பைத் தந்தால் சரிசெய்யலாம்.
4. விபத்து, தீக்காயம், நோய் ஆகியவற்றால் வந்த சிதைவைச் சரிசெய்வது.

தடுக்கப்பட்டவை: சிகிச்சை என்ற தேவை இல்லாமல், மன இச்சைப்படியும் பிறரைப் பார்த்தும் இயல்பான தோற்றத்தை மாற்றுவது. இதற்கு உதாரணமாகச் சொல்லப்பட்டவற்றில் மூக்கின் வடிவத்தை மாற்றுவதும் ஒன்று. ஆள் அடையாளத்தை மறைத்து ஏமாற்றவும், சட்டத்திலிருந்து தப்பவும் முகத்தை மாற்றுவதும் அதே பட்டியலில் வருகிறது.

அனுமதிக்கும் நிபந்தனைகள் உண்டு. உண்மையான நன்மை இருக்க வேண்டும். எதிர்பார்க்கும் நன்மையைவிடத் தீங்கு அதிகமாக இருக்கக்கூடாது. தகுதியுள்ள நிபுணர் செய்ய வேண்டும். வரக்கூடிய பின்விளைவுகளை டாக்டர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நோயாளி சம்மதிக்க வேண்டும். உடம்பை இதைவிடக் குறைவாகத் தொடுகிற வேறு வழி இல்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் மூக்கு எந்த வகை?

இப்போது உங்களை நீங்களே கேளுங்கள்.

மூக்கின் நடுவே எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. அது ஒரு பக்கம் அதிகமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கம் காற்று போகாது. இரவில் வாயால் மூச்சு விடுவது, குறட்டை, தூக்கம் கெடுவது என்று தொல்லை வரும். இந்த உள் சுவரை மட்டும் நேராக்கும் ஆபரேஷனுக்கு செப்டோபிளாஸ்டி என்று பெயர். இதில் பொதுவாக வெளித்தோற்றம் மாறுவதில்லை. இது சிகிச்சை. மார்க்கத்தில் இதற்குத் தடையே இல்லை.

கிரிக்கெட் பந்து பட்டோ, பைக் விபத்திலோ மூக்கெலும்பு உடைந்து கோணலாகிப் போனால், அதை நேராக்குவதும் பழைய நிலைக்குத் திருப்புவதுதான். சில நேரம் வெளியே உள்ள கோணலே அடைப்புக்குக் காரணமாக இருக்கும். அப்போது உள்ளும் வெளியும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டி வரும். அதுவும் சிகிச்சையின் பகுதிதான்.

இங்கே ஒரு இடத்தில் கவனம் தேவை. அடைப்புக்காகப் போனவரிடம், "எப்படியும் மயக்க மருந்து கொடுக்கிறோம், அப்படியே மேலே உள்ள மேட்டையும் எடுத்து, நுனியையும் கூர்மையாக்கி விடலாமா?" என்று கேட்கப்படலாம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அடைப்பை நீக்க வந்த தேவை வேறு, இந்தக் கூடுதல் வேலை வேறு. ஒன்றுக்குக் கிடைத்த அனுமதி மற்றதற்குத் தானாக வராது. மேலும் மூக்கை அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் காற்றுப் பாதை குறுகி, நன்றாக மூச்சு விட்டவருக்கே அடைப்பு வந்துவிடக்கூடும்.

கேமராவை நம்பியும் முடிவெடுக்காதீர்கள். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று கவலைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2018-ல் வெளியான ஒரு அமெரிக்க மருத்துவ ஆய்வு, சுமார் ஒரு அடி தூரத்தில் எடுக்கும் படத்தில், ஐந்து அடி தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று கணக்கிட்டுக் காட்டியது. குறை மூக்கில் இல்லை, தூரத்தில் இருக்கிறது!

இன்னும் சிலருக்கு, மற்றவர்கள் கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு விஷயம் பெரிய அசிங்கமாகத் தோன்றும். நாள் முழுவதும் கண்ணாடி முன் நிற்பார்கள், வெளியே போகக் கூசுவார்கள். இது மனநலம் சார்ந்த ஒரு நோய். இவர்களுக்கு ஆபரேஷன் பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை. மூக்கு மாறினாலும் மனம் அடுத்த குறையைத் தேடும். உங்கள் பிள்ளை இப்படி இருந்தால் திட்டாதீர்கள், ஈமான் குறைவு என்று சொல்லாதீர்கள். அன்போடு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதுவும் சிகிச்சைதான்.

மூக்கை அறுப்பது கத்தியா, நாக்கா?

அன்பானவர்களே! இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். யார் சொல்லிச் செய்கிறீர்கள்?

ஒரு பெண் பிள்ளை, எனக்கு மூக்கை மாற்ற வேண்டும் என்று அழுகிறாள் என்றால், அந்த எண்ணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? பிறக்கும்போது அது அவளிடம் இல்லை. யாரோ ஒருவர் சப்பை மூக்கு என்றார். யாரோ ஒருவர் கிளி மூக்கு என்றார். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைத்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், "எல்லாம் சரி, மூக்குதான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுப் போனார்கள். பேசியவர் அன்று இரவே மறந்துவிட்டார். கேட்டவள் பத்து வருடமாக மறக்கவில்லை.

ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகசிக்க வேண்டாம், பெண்களும் பெண்களைப் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சொல்லி அழைக்க வேண்டாம் என்று அல்லாஹ் தடுக்கிறான் (அல்குர்ஆன் 49:11). ஒருமுறை ஆயிஷா (ரலி) அவர்கள், ஸஃபிய்யா (ரலி) அவர்கள் குட்டையானவர் என்ற பொருளில் ஒன்றைச் சொன்னபோது, கடல் நீரில் கலந்தால் அதையே கெடுத்துவிடக்கூடிய ஒரு சொல்லைச் சொல்லிவிட்டாய் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் (அபூதாவூத்: 4875). உயரத்தைப் பற்றிச் சொன்ன ஒரே ஒரு சொல்! நம் வீட்டு விசேஷங்களில் நிறம், பல், மூக்கு, உயரம் என்று ஒரு நாளில் எத்தனை கடல்களைக் கெடுக்கிறோம்?

படைப்பை மாற்றுவதைக் கண்டிக்கும் ஹதீஸைச் சொன்னவர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் என்று பார்த்தோம். அவர்கள் எப்படிப்பட்ட தோற்றம் உடையவர்கள் தெரியுமா? மிகவும் மெலிந்த கால்கள் உள்ளவர்கள். மிஸ்வாக் குச்சி ஒடிப்பதற்காக அராக் மரத்தில் இருந்தபோது காற்று வீசியது. அவர்களின் மெலிந்த கால்களைப் பார்த்து அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னதும், அந்த இரண்டு கால்களும் மீஸானில் உஹது மலையைவிடக் கனமானவை என்று அல்லாஹ்வின் மீது சத்தியமிட்டுச் சொன்னார்கள் (அஹ்மத்).

தம் உடம்பைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர்தான், உடம்பை மாற்றிக்கொள்ளாதீர்கள் என்று நமக்குச் சொல்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் இந்தச் சட்டத்தைச் சொன்னபோது உம்மு யஃகூப் என்ற பெண்மணி வந்து, உங்கள் வீட்டிலேயே இது நடப்பதாக நினைக்கிறேன் என்று துணிந்து சொன்னார்கள். அவர்கள் கோபப்படவில்லை. போய்ப் பாருங்கள் என்று தம் வீட்டுக்குள் அனுப்பி வைத்தார்கள். அந்தப் பெண்மணி பார்த்தார்கள், அப்படி எதுவும் இல்லை (புகாரி: 4886). சட்டம் சொல்கிறவர் முதலில் தம் வீட்டைத் திறந்து காட்டினார்கள்.

நாமும் நம் வீட்டைத் திறந்து பார்ப்போம். மகள் மூக்கை மாற்ற வேண்டும் என்றால் ஹராம் என்று உடனே சொல்லத் தெரிகிறது. அவளை நாத்தனாரும் பாட்டியும் கேலி செய்தபோது, அதுவும் ஹராம் என்று சொன்னோமா? மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது தீனைப் பார்த்தோமா, மூக்கைப் பார்த்தோமா? கேலி செய்கிற நாக்கைக் கட்டாமல், கத்தியை மட்டும் தடுத்தால் பயனில்லை.

நபி (ஸல்) அவர்கள் செய்து காட்டியதைக் கேளுங்கள். ஜாஹிர் (ரலி) என்ற கிராமத்துத் தோழர் பார்ப்பதற்கு அழகில்லாதவர் என்று அறிவிப்பில் வருகிறது. அவர் சந்தையில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் பின்னால் வந்து அன்போடு கட்டிப்பிடித்தார்கள். இந்த அடிமையை வாங்குபவர் யார் என்று விளையாட்டாகக் கேட்டார்கள். என்னை விற்றால் விலை போகாதே என்றார் ஜாஹிர் (ரலி). ஆனால் அல்லாஹ்விடம் நீர் விலை மலிந்தவர் அல்லர், மதிப்பு மிக்கவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (அஹ்மத்).

தன் தோற்றத்தால் தன்னை மலிவாக நினைத்த ஒருவருக்கு, கூட்டத்தின் நடுவே கொடுத்த சிகிச்சை இது. ஒரு தகப்பன் தன் மகளுக்கு இந்தச் சிகிச்சையைத் தரலாம். கணவன் மனைவிக்குத் தரலாம். ஒரு காசு செலவில்லை.

டாக்டரிடம் போகும் முன்

உண்மையான தேவை இருக்கிறது, ஆலிமிடமும் கேட்டுவிட்டீர்கள். அடுத்து மூன்றாவது கேள்வி: யாரிடம் செய்கிறீர்கள்?

மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்க்கிறவர் அதனால் வரும் தீங்குக்குப் பொறுப்பாளி என்பது நபிமொழி (அபூதாவூத்: 4586). ஆகவே தகுதியைக் கேளுங்கள். ஈ.என்.டி. நிபுணரா, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். முடித்தவரா, இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிறவரா என்று பாருங்கள். விளம்பர வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

"ஆபரேஷனே வேண்டாம், ஒரு ஊசி போதும்" என்று ஃபில்லர் ஊசி போடுகிறார்கள். பயிற்சி இல்லாதவர் பியூட்டி பார்லரில் போடும் ஊசி லேசான விஷயமல்ல. மருந்து ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம். அபூர்வமாகக் கண் பார்வையே போகலாம். நிரந்தரமில்லாத ஊசி என்பதால் சட்டமும் மாறிவிடாது. தேவையில்லாமல் உடம்பை ஆபத்தில் தள்ளுவது கூடாது.

டாக்டரிடம் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்:

* மூச்சுத் தொல்லைக்குக் காரணம் எலும்பா, அலர்ஜியா, சைனஸா? மருந்தால் சரியாகுமா?
* வயது சரியா? மூக்கின் வளர்ச்சி பொதுவாகப் பெண்களுக்கு 15, 16 வயதிலும் ஆண்களுக்கு 17, 18 வயதிலும்தான் முடிகிறது. அவசரமான காரணம் இல்லாவிட்டால் அதுவரை பொறுத்திருப்பது நல்லது.
* குருத்தெலும்பு எங்கிருந்து எடுப்பீர்கள்? மூக்கின் உள்ளிருந்தோ, காதிலிருந்தோ, விலா எலும்பிலிருந்தோ எடுப்பார்கள். தன் உடம்பின் ஒரு பகுதியைத் தன் உடம்பிலேயே இன்னொரு இடத்தில் தேவைக்காக வைப்பது கூடும் என்று ஃபிக்ஹ் அகாடமி 1988-லேயே தீர்மானித்திருக்கிறது.
* பின்விளைவுகள் என்ன? ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, மரத்துப்போதல், இரு பக்கமும் ஒன்றுபோல் அமையாமல் போவது, நடுச்சுவரில் ஓட்டை விழுவது ஆகியவை நடக்கக்கூடியவை. வடிவத்தை மாற்றும் ஆபரேஷனில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டி வருவதாக மருத்துவ உலகில் பொதுவாகச் சொல்லப்படுகிறது.
* நான் சாப்பிடும் மருந்துகளில் எதை நிறுத்த வேண்டும்? ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. சிகரெட் பழக்கம் இருந்தால் காயம் ஆறுவது தாமதமாகும். இதுவே அதை விட்டுவிட நல்ல நேரம்.

பெண்களுக்குத் தகுதியான பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடமே செய்யுங்கள். கிடைக்காவிட்டால் தேவையின் அளவுக்கு ஆண் டாக்டரிடம் செய்யலாம். மஹ்ரம் உடன் இருக்கட்டும்.

பணத்தையும் யோசியுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கி மூக்கைச் சரிசெய்தால், முகத்தில் ஒரு குறையை நீக்கி அமல்நாமாவில் பெரிய குறையைச் சேர்த்தவர்களாகி விடுவோம்.

ஆபரேஷனுக்குப் பின் உளூவும் தொழுகையும்

இதைப் பலர் முன்கூட்டியே கேட்பதில்லை. கட்டுப் போட்ட பிறகுதான் போன் செய்கிறார்கள்.

வடிவம் திருத்தும் ஆபரேஷனில் மூக்கின் மேல் போடும் கட்டு பொதுவாக ஒரு வாரம் வரை இருக்கும். கண்ணுக்குக் கீழே கன்றிப்போனது மறைய இரண்டு வாரம் ஆகலாம். வீக்கம் முழுமையாக வடிந்து உண்மையான வடிவம் தெரிய ஒரு வருடம்கூட ஆகும். மூக்கைச் சிந்துவது, குனிவது, பாரம் தூக்குவது எல்லாம் ஆரம்ப நாட்களில் கூடாது என்பார்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள் சில வாரங்களுக்கு அதன் பாரம் மூக்கில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*உளூ:* உளூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது ஹனஃபீ, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபிலும் சுன்னத். ஆபத்து என்று டாக்டர் சொல்லும் நாட்களில் விட்டுவிடலாம். முகத்தில் கழுவ முடிந்த பகுதியைக் கழுவிவிட்டு, கட்டின் மீது ஈரக்கையால் தடவ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இதோடு தயம்மமும் செய்ய வேண்டும். கட்டு தயம்மமின் உறுப்பான முகத்தில் இருப்பதால், குணமானபின் அந்தத் தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டும் என்பது அந்த மத்ஹபின் சட்டம். ஹனஃபீ மத்ஹபில் திருப்பித் தொழ வேண்டியதில்லை.

*குளிப்பு:* கடமையான குளிப்பில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது ஹனஃபீ மத்ஹபில் ஃபர்ளு. ஆனால் காயத்துக்குத் தீங்கு வரும் என்றால் அதற்குச் சலுகை உண்டு. முன்கூட்டியே உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*ஸஜ்தா:* தலையைத் தாழ்த்தினால் ரத்தம் வரும் என்று நம்பகமான டாக்டர் சொன்னால், உட்கார்ந்து சைகையால் ருகூவும் ஸஜ்தாவும் செய்யலாம். ருகூவைவிட ஸஜ்தாவுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தலையைத் தாழ்த்த வேண்டும். மூல நோயால் சிரமப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் விலாவில் சாய்ந்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழி சொல்லிக் கொடுத்தார்கள் (புகாரி: 1117). தொழுகையின் முறை மாறலாம், தொழுகையே விடுபடக்கூடாது. மயக்கத்தால் தவறிய தொழுகை இருந்தால் களா செய்யுங்கள்.

*நோன்பு:* மூக்கில் விடும் சொட்டு மருந்து உள்ளே போனால் நோன்பு முறியும். நோன்பாளி மூக்குக்குத் தண்ணீர் செலுத்தும்போது மிகைப்படுத்த வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதிலிருந்து (அபூதாவூத்: 142) இதன் கவனத்தைப் புரிந்துகொள்ளலாம். அவசரமில்லாத ஆபரேஷனை ரமளானுக்கும் ஹஜ், உம்ரா பயணத்துக்கும் நெருக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

முடிவாக

அன்பானவர்களே! சுருக்கம் இதுதான். மூச்சுக்காக, முறிவுக்காக, சிதைவுக்காக, இயல்பை மீறிய பிறவிக் குறைக்காக மூக்கைச் சரிசெய்வது சிகிச்சை. தயங்காதீர்கள், தள்ளிப்போடாதீர்கள், யார் என்ன சொல்வார்களோ என்று பயப்படாதீர்கள். இயல்பான மூக்கை இன்னொருவர் மூக்குபோல் ஆக்குவது அல்லாஹ்வின் தேர்வை மறுப்பது. கர்ப்பப்பையில் அவன் நாடியபடி நம்மை உருவமைத்தவன் அவன் (அல்குர்ஆன் 3:6). அவன் நம் தோற்றங்களைப் பார்ப்பதில்லை, உள்ளங்களையும் அமல்களையும் பார்க்கிறான் (முஸ்லிம்: 2564).

இரண்டுக்கும் நடுவே எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் ஒரு நல்ல டாக்டரிடமும் ஒரு நல்ல ஆலிமிடமும் தங்கள் நிலையை மறைக்காமல் சொல்லிக் கேட்கட்டும். மற்ற நாம் எல்லோரும் இன்றிலிருந்து ஒன்றைச் செய்வோம். எந்தப் பிள்ளையின் முகத்தைப் பற்றியும் நம் நாவிலிருந்து குறைச்சொல் வராமல் பார்த்துக்கொள்வோம். ஏற்கனவே சொல்லியிருந்தால், இன்று அஸருக்கு முன் அந்தப் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவோம்.

யா அல்லாஹ்! நீ தந்த தோற்றத்தில் எங்களுக்குப் பொருத்தத்தைத் தருவாயாக! நோயுற்றவர்களுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் நாவுகளைப் பிறரைக் காயப்படுத்துவதிலிருந்து காப்பாயாக! உனக்காக மண்ணில் பட்ட நெற்றிகளையும் மூக்குகளையும் மறுமையில் ஒளிபெறச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.